இணைக்காமல் போன பட்டியல்

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் மறுவாழ்வுக்கென்று 1971-இல் கொடைக்கானலில் ஒரு சிறிய அரசு அலுவலகம் திறந்தார்கள். ஏரிக்கு இறங்கும் சரிவில், மழைக்காலத்தில் சுவர் முழுக்கப் பாசி பிடிக்கும் ஒரு வாடகைக் கட்டடம். அதற்குத் தட்டச்சராக வந்தவள் கித்தேரியம்மாள். செண்பகனூரில் பிறந்தவள்; மிஷன் பள்ளியில் படித்து, ஆங்கிலத் தட்டச்சும் சுருக்கெழுத்தும் தேறியவள். கணவன் மனுவேல் ஒரு பள்ளிக்கூட விடுதியில் ரொட்டி சுடுகிறவன். பிள்ளை இல்லை. அவள் அப்பன் விட்டுப்போன ஓட்டு வீட்டில் இருவரும் இருந்தார்கள்.

அலுவலகத்துக்கு வருகிறவர்களை ஊரில் ‘சிலோன்காரங்க’ என்றார்கள். மூன்று தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, இரு நாட்டு ஒப்பந்தம் என்று சொல்லிக் கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்கள். பழகிய குளிர் என்று மலைக்கு வந்து, சவுக்கு மரப்பட்டை உரித்தும் உருளைக்கிழங்கு தோண்டியும் பிழைத்தார்கள். அவர்களுக்கு வீடு கட்ட டெல்லியிலிருந்து பணம் உண்டு. அந்தப் பணம் வந்து சேர எத்தனை காகிதம் வேண்டுமோ அத்தனையும் கித்தேரியம்மாளின் ரெமிங்டனில் அடிபட்டாக வேண்டும்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி வேலுத்தாய். பள்ளங்கிப் பக்கம் ஒரு விவசாயியின் காட்டு ஓரத்தில், தார் அட்டை போட்ட குடிசையில் கணவன் மணியனோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் இருந்தாள். வாரம் தவறாமல் எட்டு மைல் நடந்து வந்து ஒரே கேள்வியைக் கேட்பாள்.

“அம்மா, எங்க வீட்டுக் கடுதாசி வந்திச்சா?”

“இன்னும் வரலம்மா. வந்தா ஆள் விட்டுச் சொல்றேன்.”

“சரி, அப்ப நான் போயிட்டு அடுத்த கெழம வாரேன்.” கோபமே வராது அவளுக்கு. அதுதான் கித்தேரியம்மாளை உறுத்தும்.

1982 ஜனவரியில் பள்ளங்கிச் சரிவில் நிலம் ஒதுக்கியாயிற்று. நாற்பத்திரண்டு குடும்பங்களுக்கு வீடு. பணத்தை விடுவிக்கக் கேட்டு மதுரைக்கு எழுத வேண்டும். அங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து டெல்லி. கித்தேரியம்மாள் கடிதத்தையும் பெயர்ப் பட்டியலையும் மூன்று மூன்று பிரதிகளாக அடித்தாள். தபால் பை கட்டுகிற நேரம் நெருங்கிவிட்டது. பொன்னுவேல், அலுவலகத்தின் பியூன், வாசலில் நின்று அவசரப்படுத்தினான்.

“வெரசாக் குடுங்கக்கா, பை போயிரும்!”

அலுவலர் கையெழுத்திட்ட கடிதத்தை மடித்து உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தாள். பட்டியல் மூன்று பிரதியும் மேசை இழுப்பறையில், கார்பன் தாள்களுக்கு அடியில் தங்கிவிட்டது.

மார்ச் இருபத்துநான்காம் தேதி மதுரையிலிருந்து ஓர் அட்டை வந்தது: ‘இணைப்பு காணப்படவில்லை.’ அவள் இழுப்பறையைத் திறந்தாள். பட்டியல் அங்கேயே கிடந்தது. அலுவலர் பரமானந்தத்திடம் போய், “இன்னொரு பிரதி கேக்குறாங்க சார்” என்று மட்டும் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே அனுப்பியும் நேரம் போதவில்லை. மார்ச் முப்பத்தொன்று வந்தது, போனது. நிதியாண்டு முடிந்துவிட்டதால் ஒதுக்கீடு காலாவதியாகிவிட்டது என்று ஏப்ரலில் ஒரு வரிக் கடிதம் வந்து சேர்ந்தது. டெல்லியில் எடுத்து வைத்த பணம் டெல்லியிலேயே நின்றுபோயிற்று.

“சரி, அடுத்த வருஷம் பாப்போம்” என்றார் பரமானந்தம். அவருக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம். எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர்.

அன்று வீட்டுக்குப் போன கித்தேரியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. மனுவேலிடம்கூடச் சொல்லவில்லை. அடுத்த வாரம் வேலுத்தாய் வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டபோது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் இயந்திரத்தில் நாடாவை மாற்றுகிறவள் போல் குனிந்துகொண்டாள்.

மே மாதம் சீசன் தொடங்கி ஊர் நிறைந்து வழிந்த ஒரு நாள், பரமானந்தத்துக்குத் தாலுகா அலுவலகத்திலிருந்து போன் வந்தது. டெல்லி நிதியமைச்சகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி மலைக்கு வந்திருக்கிறார். அவருக்கு இரண்டு நாள் ஒரு தட்டச்சர் வேண்டும், இங்கிலீஷ் சுருக்கெழுத்துத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

“நீதான் போகணும் கித்தேரியம்மா. பட்ஜெட் போடுற ஆபீசுக்கே தலைவராம். பாத்து நடந்துக்க.”

பொன்னுவேல் ரெமிங்டனைத் தலையில் சுமந்து முன்னே போக, இவள் குடையோடு பின்னால் போனாள். விருந்தினர் மாளிகையில் குரங்குக் குல்லாயும் கம்பளிப் போர்வையுமாக ஒருவர் எழுந்து வந்து, “வாங்கம்மா, உக்காருங்க” என்று தமிழில் சொன்னதும் அவளுக்குப் பாதிப் பயம் போய்விட்டது. பெயர் தாணுலிங்கம். நாஞ்சில் நாட்டுக்காரர்; டெல்லிக்குப் போய் இருபது வருடம். மனைவிக்கு நெஞ்சுச்சளி ஆறாததால் மலைக்காற்றுக்கு அழைத்து வந்திருந்தார். அந்த அம்மாள் ஜன்னலோரம் சால்வையோடு உட்கார்ந்திருந்தார்.

“லீவுலயும் விட மாட்டேங்கறாங்க. எல்லா அமைச்சகத்துக்கும் ஒரு சுற்றறிக்கை போகணும். ரகசியம் ஒண்ணும் இல்ல. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிடுங்க.”

அவர் அறையில் உலாத்திக்கொண்டே சொன்னார். ஆண்டின் நடுவே எந்தத் துறைக்காவது கூடுதல் பணம் வேண்டுமென்றால் துணை மானியக் கோரிக்கை என்று நாடாளுமன்றத்தில் வைத்து அனுமதி வாங்க வேண்டும். அப்படிக் கேட்கிறவர்கள் என்னென்ன எழுத வேண்டும், யார் வழியாக அனுப்ப வேண்டும் என்பதுதான் விஷயம். ‘ஜூன் முப்பத்தொன்றுக்குள் வந்து சேராத கோரிக்கைகள் ஏற்கப்பட மாட்டா’ என்று முடித்தார்.

கித்தேரியம்மாளின் பென்சில் நின்றது. சொல்கிறவரைக் குறுக்கே நிறுத்தக் கூடாது என்று இன்ஸ்டிடியூட்டில் படித்திருந்தாள். ஆனாலும் அடித்த பிறகு எப்படித் திருத்துவது?

“சார், மன்னிச்சுக்கங்க. ஜூனுக்கு முப்பது நாள்தானுங்களே.”

அவர் நின்றார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். ஜன்னலோரம் இருந்த அம்மாளும் சிரித்தார்.

“நல்ல வேளை. இது அப்படியே போயிருந்தா ஐம்பது ஆபீஸ்ல என்னைய வெச்சுச் சிரிச்சிருப்பான்.” அவள் அடித்து முடித்ததும் அலுவலகப் பிரதியை வாங்கி, தேதிக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். “இந்த ஓரத்துல உங்க இனிஷியல் போடுங்க.”

“நானா சார்?”

“தப்பைக் கண்டுபிடிச்சவங்க பேரு பக்கத்துல இருக்கணும். நான் இருக்கற இடத்துல அதுதான் வழக்கம். நாலு பேர் உக்காந்து கூட்டற கணக்கு இல்ல இது, நாட்டுக் கணக்கு. ஒரு இளநிலை எழுத்தர் என்னைய நிறுத்தத் தயங்கினா அந்த ஆபீஸை நான் சரியா நடத்தலைன்னு அர்த்தம்.”

பதினோரு வருட வேலையில் அவளிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. இரண்டெழுத்து போட்டாள். அந்தத் தைரியத்தில்தான் கேட்டாள்:

“சார், போன நிதி வருஷத்தோட காலாவதியாப் போன காசையும் இந்த வழியில கேக்கலாமுங்களா?”

“யாருக்காகக் கேக்குதீங்க?”

அவள் சொல்லத் தொடங்கினாள். நாற்பத்திரண்டு குடும்பம், பள்ளங்கி, தார் அட்டைக் குடிசை. அவர் கையை உயர்த்தித் தடுத்தார். முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

“நிறுத்துங்கம்மா. இதை நான் இப்படிக் கேக்கக் கூடாது. பணம் என் கையில இருக்குன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. என் ஆபீஸ் குடுக்கற இடம் இல்ல. நாட்டுக்கு எவ்வளவு வரும், எல்லாத் துறையும் சேந்து எவ்வளவு கேக்குது, நாடாளுமன்றம் எதுக்குச் சம்மதிச்சுது, இது மூணுக்கும் காவல் நாங்க. அவங்க சம்மதிக்காத ஒரு ரூபா வெளிய போகக் கூடாது. லீவுக்கு வந்த இடத்துல ஒருத்தர் சொன்னாருன்னு நான் ஒரு காரியத்தை முன்னால தள்ளினா, இங்க வந்து சொல்ல முடியாத ஆயிரம் பேருக்கு அது துரோகம்.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் எழுந்து போகவில்லை.

“எனக்குக் காசு தர வேண்டாம் சார். எந்த வழியாப் போகணும்னு மட்டும் சொல்லுங்க.”

தாணுலிங்கம் அவளே அடித்த சுற்றறிக்கையை அவள் பக்கம் திருப்பி வைத்தார். “அதுக்குத் தடையில்ல. வழி இதுலதான் இருக்கு. நாலாவது பத்தியப் படிங்க. முந்தின ஆண்டு பணம் ஏன் செலவாகலைன்னு காரணம் எழுதணும். நிஜமான காரணம். மழை, ரோடு, நிர்வாகக் காரணம்னு பூசி மெழுகினா நான் திருப்பி அனுப்பிருவேன்.”

“காரணம் நான்தான் சார்.”

தபால் பை, உறை, இழுப்பறை, கார்பன் தாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“உங்க ஆபீசருக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“மொதல்ல அவர்கிட்டச் சொல்லுங்க.” குரல் தணிந்திருந்தது. “எனக்குக் கீழ வேலை பாக்கறவங்கள்ல தப்புப் பண்ணாத ஆள் ஒருத்தர் கிடையாது. நான் உட்பட. அன்னைக்கே சொன்ன தப்பை ஒரு வரியில சரி பண்ணிரலாம். மூடி வெச்ச தப்பு மொத்தக் கூட்டலையும் சாய்ச்சுப்புடும். நான் சத்தம் போட்டா அடுத்த தடவ மூடத்தான் செய்வாங்க. அதனால கோவத்தை அடக்கறதுதான் என் வேலையில பாதி.”

அவள் கிளம்பும்போது அவருடைய மனைவி வாசல் வரை வந்து, காகிதத்தில் சுற்றிய இரண்டு பேரிக்காயைக் கையில் கொடுத்தார். தோளைத் தொட்டார்.

மறுநாள் வெள்ளனே போய்ப் பரமானந்தத்தின் மேசைக்கு முன் நின்றாள் கித்தேரியம்மாள். அவர் கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“ஏம்மா, இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?”

“பயந்துட்டேன் சார்.”

“இப்ப எழுத்துல குடுத்தா உனக்கு மெமோ வரும். இன்கிரிமெண்ட் நிக்கும். மழையால தபால் தாமதம்னு போட்டா யாரு கேக்கப்போறா?”

“டெல்லி ஆபீஸ்ல கேப்பாங்க சார். அதுவும் போக, மழை மேல பழியப் போட எனக்கு மனசு வரல.”

அவர் பேனாவை எடுத்துத் துணைக் கோரிக்கைக்குத் தாமே வரைவு எழுதினார். அவள் அடிப்பதற்காக வாங்கிப் பார்த்தபோது திகைத்துப்போனாள். ‘பட்டியல் இணைக்கப்படாமல் கடிதம் அனுப்பப்பட்டது. இணைப்பைச் சரிபார்க்காமல் கையொப்பமிட்டது இந்த அலுவலகத் தலைவரின் பிழை’ என்று இருந்தது.

“சார், இது என் தப்புல்ல?”

“அடிச்சது நீ. பாத்துக் கையெழுத்துப் போடுறது என் சோலி. பாக்காமப் போட்டேன். அடிம்மா, நேரமாகுது.”

இந்த முறை அவள் தபாலை நம்பவில்லை. காகிதங்களைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மனுவேல் சுட்டுத் தந்த ரொட்டியோடு காலை முதல் பஸ்ஸில் ஏறினாள். பெருமாள்மலைக்குக் கீழே மரம் விழுந்து இரண்டு மணி நேரம் பஸ் நின்றது. மதுரை அலுவலகம் சாத்துவதற்குச் சற்று முன்னால்தான் போய்ச் சேர்ந்தாள். அங்கிருந்த எழுத்தர் பழக்கத்தில், “இணைப்பெல்லாம் இருக்கா?” என்றார். அவள் ஒவ்வொரு தாளாகப் புரட்டி, நாற்பத்திரண்டு பெயரையும் விரல் வைத்துக் காட்டிவிட்டுத்தான் நகர்ந்தாள். அந்த எழுத்தரும் நல்ல மனிதர். “நாளைக்கே சென்னைக்குப் போற ஆள் கையில குடுத்து விடுறேன்” என்றார். அப்படியே செய்தார்.

ஆகஸ்டு கடைசியில் பதில் வந்தது. துணைக் கோரிக்கை நிறைவேறிவிட்டது. ஆனால் அந்த முறை இந்த வகையில் எல்லாத் துறைகளும் கேட்டதை மூன்றில் இரண்டாகக் குறைத்திருந்தார்கள். இருபத்தெட்டு வீட்டுக்கு இப்போது பணம். பதினான்கு வீட்டுக்கு அடுத்த பட்ஜெட்டில். தாணுலிங்கம் அவளுக்காக ஒரு வீடும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. முதலில் அவளுக்கு ஆத்திரம் வந்தது. அப்புறம் அவர் சொன்ன ஆயிரம் பேரை நினைத்துக்கொண்டாள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஆயிரம் பேருக்கும் இவளுக்குக் கிடைத்த அதே பங்குதான் கிடைத்திருக்கும். இருபத்தெட்டு குடும்பம் கூரைக்குக் கீழே போகப்போகிறது என்று மெல்ல மனம் ஆறியது.

பட்டியலில் வேலுத்தாயின் எண் முப்பத்தொன்று.

மெமோவும் வந்தது. அவளுக்கு ஒரு வருட இன்கிரிமெண்ட் நின்றது. பரமானந்தத்துக்குக் கண்டனக் கடிதம். அவர் அதைப் படித்துவிட்டு, “என் சர்வீசுல மொதக் கடுதாசி இது” என்று சொல்லிக் கோப்பில் குத்தினார்.

அந்த வாரம் வேலுத்தாய் வரும்வரை காத்திருக்காமல் கித்தேரியம்மாளே பள்ளங்கிக்கு நடந்தாள். குடிசை வாசலில் வேலுத்தாய் பூண்டு தோலெடுத்துக்கொண்டிருந்தாள். மணியன் இருமலோடு உள்ளே படுத்திருந்தான்.

“வேலுத்தாயி, உன் வீடு இந்த வருஷம் இல்ல. அடுத்த வருஷம்தான்.”

“சரிம்மா. அதுக்கு நீங்க என்ன செய்ய?”

“நான்தான் செஞ்சேன்.” நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். “நான் ஒழுங்கா அனுப்பியிருந்தா இந்நேரம் உங்க நாப்பத்திரண்டு வீட்டுக்கும் சுவர் எழும்பியிருக்கும்.”

வேலுத்தாய் கையிலிருந்த பூண்டைச் சுளகில் போட்டாள். உள்ளே மணியன் இருமி ஓய்ந்தான்.

“தோட்டத்துல தொரை தப்பு செஞ்சா எங்க பேருலதான் எழுதுவாங்க, அம்மா. காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக்களத்துல எங்களத்தான் நிறுத்துவாங்க. எங்க தாத்தா காலத்துல இருந்து அப்படித்தான். தன் தப்பத் தன் பேருல ஏத்துக்கிட்டு, நடந்து வந்து கதைக்கிற ஆள இப்பத்தான் பாக்குறேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு வருத்தம் இல்லன்னு சொல்ல மாட்டேன். வருத்தந்தான். ஆனா நீங்க நல்லாருக்கணும்.”

“ஐப்பசி மழைக்கு இந்தக் குடிசை தாங்காது. எங்க வீட்டுல பின்கட்டு அறை சும்மா கெடக்கு. வீடு கட்டி முடியிற வரைக்கும் அங்க வந்து இருங்க.”

வேலுத்தாய் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் உள்ளிருந்தே, “போவோம்” என்றான்.

மழை தொடங்குமுன் நான்கு பேரும் செண்பகனூருக்கு வந்துவிட்டார்கள். மனுவேலுக்கு அதில் பெரிய சந்தோஷம். பிள்ளைகள் இரண்டுக்கும் தினம் சூடு ஆறாத ரொட்டி கொண்டுவந்தான். மணியனின் இருமல் அடுப்புச் சூட்டில் குறைந்தது. வேலுத்தாய் தேயிலையைத் தோட்டத்துப் பக்குவத்தில் போட்டுக் கொடுக்க, அதுவரை தான் குடித்ததெல்லாம் தேநீரே இல்லை என்று கித்தேரியம்மாள் சொன்னாள்.

பிப்ரவரி கடைசி நாள் மாலை வானொலியில் பட்ஜெட் செய்தி. வீட்டிலிருந்த எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். சிகரெட், சோப்பு, வருமானவரி என்று போய்க்கொண்டிருந்தது.

“எங்களப் பத்தி ஏதும் கதைக்கிறாங்களாம்மா?”

“பேச மாட்டாங்க. பதினாலு வீடு அதுல ஒரு தூசி. புத்தகத்துல எங்கயாவது ஒரு வரிக்குள்ள இருக்கும்.”

இருந்தது. மே மாதம் உத்தரவு வந்தது. அன்றைக்கு எத்தனையோ மேசைகளில் முகம் தெரியாத யார் யாரோ அந்த வரியைத் தவறாமல் கூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது கித்தேரியம்மாளுக்குக் கை தானாகக் குவிந்தது. அக்டோபரில் வேலுத்தாய் புது வீட்டில் பால் காய்ச்சினாள். அடுப்பில் பால் பொங்கும்போது பரமானந்தம் ஒரு பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, தாமே கட்டிய வீடு போல் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

நாற்பத்திரண்டாவது வீட்டுக்கும் ஓடு போட்டான பிறகுதான் கித்தேரியம்மாள் தாணுலிங்கத்துக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதினாள். வேலை முடியும்முன் எழுதினால் சிபாரிசு மாதிரி ஆகிவிடும் என்று அதுவரை பொறுத்திருந்தாள். பதில் வருமென்று எதிர்பார்க்கவில்லை. 1984 ஜூனில், பரமானந்தம் ஓய்வு பெறுகிற வாரத்தில் வந்தது. கையால் எழுதிய நான்கே வரி.

பிரிவு உபசாரத்தில் எல்லோரும் பேசிய பிறகு அவளைப் பேசச் சொன்னார்கள். அவளுக்கு மேடைப் பேச்சு வராது. கடிதத்தைப் பிரித்துப் படித்தாள்:

‘நன்றி எனக்குரியது அல்ல. அந்த ஆண்டு எங்களுக்கு வந்த கோரிக்கைகளில், செலவாகாத காரணம் தன் பிழை என்று தன் பெயரிலேயே எழுதிய அலுவலர் ஒருவர்தான் இருந்தார். அந்தத் தாளை என்னிடம் வேலைக்குச் சேரும் புதியவர்களுக்குக் காட்டுகிறேன். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.’

மாலையோடு உட்கார்ந்திருந்த பரமானந்தம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“இன்னொரு தடவ படிம்மா” என்றார்.